தூக்கிச் செல்லக்கூடிய பியானோ

பியானோ சொல்லிக்கொடுக்கிறவனிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நான் கொழும்பு வெள்ளவத்தையில் வகுப்புத் தொடங்கிய புதிதில், "தெகிவளையில பழைய பியானோ ஒண்டு விலைக்கு வருதாம், ஒருக்கா வந்து பார்ப்பீங்களோ மாஸ்டர்?" என்பார்கள். பிறகு, யமஹாவா கசியோவா என்று கேட்டார்கள். இப்போது கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வருகிறது: "சேர், லப்டொப்பில போடுற பியானோ ஒண்டு இருக்கு. ஆகக் கீழ்மட்டம் எண்டா நூறு யூரோ சொச்சம்தான். வாங்கலாமோ?"

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வந்துபோகிறவன். மிச்ச நாளெல்லாம் பிள்ளையின் காதையும் விரலையும் பழக்குவது வீட்டில் இருக்கிற வாத்தியம். அது பிழையாகப் பதில் சொன்னால் விரலும் அந்தப் பிழைக்கே பழகிவிடும். கோயில் பாடகர் குழுவோடும், கல்யாண மண்டபங்களிலும், அரங்கேற்றப் பாடல் பதிவுகளிலும் இந்த மென்பொருள்களைப் பாவித்து நான் அறிந்துகொண்டதை அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் தெரிகிற தெரு. நடந்துபோகிற தூரத்தில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். நான் கைவைத்துப் பழகிய முதல் பியானோ ஒரு பங்கு மண்டபத்தில் இருந்த நிமிர்ந்த வகைப் பியானோ. மூடியின் உட்புறத்தில் லண்டன் என்று பொன்னெழுத்தில் எழுதியிருக்கும். மழைக் காலத்தில் அதன் கட்டைகளில் சில கீழே போனால் மேலே வராது. ஃபெல்ட் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், மரம் ஊதும், கட்டை நடுவில் நின்றுவிடும். அதைச் சுருதி சேர்க்க வந்த முதியவர் கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே 25 வாட் மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். இரவும் பகலும் அது எரிந்துகொண்டே இருக்கவேண்டும். அந்தச் சூடுதான் பெட்டிக்குள் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளும். குமிழ் பழுதாகி யாரும் கவனிக்காமல் விட்டால், அடுத்த ஞாயிறு பூசைக்குள் அது தெரிந்துவிடும்.

வெள்ளவத்தைக்குக் குடிவந்த பிறகு இன்னொரு எதிரியைப் பார்த்தேன். இங்கே காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பது சில ஒழுங்கைகளும் மரைன் டிரைவும் ரயில் பாதையும்தான். உப்புக் காற்று ஜன்னலால் நேராக உள்ளே வரும். பியானோவுக்குள் ஏறக்குறைய 230 உருக்குக் கம்பிகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து சட்டத்தை இழுக்கும் விசை 18 முதல் 20 தொன் வரை வரும். அந்த இழுவையில் நிற்கிற கம்பியில் துரு பிடித்தால், சுருதி சேர்க்கும்போது சாவியைத் திருப்பவே கை நடுங்கும். அறுந்தால் அதே தடிப்பில் கம்பி தேடவேண்டும். கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடியில் ஐந்தாம் மாடிக்கு ஒரு பியானோவைப் படியால் ஏற்றுவதும், ஏற்றியபின் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டாருடைய முகத்தைப் பார்ப்பதும் வேறு கதை.

இதற்குள் எங்கள் குடும்பக் கதையும் ஒன்று இருக்கிறது. என் மாமி ஒருவரின் வெள்ளவத்தை வீட்டில் பியானோ இருந்தது. 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு அதுவும் எரிந்தது. மாமி குடும்பம் உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய், பிறகு கனடா போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு எங்கள் உறவில் யாரும் ஒரு ஆள் தூக்கமுடியாத வாத்தியம் வாங்கியதில்லை. யாரும் கூடி முடிவெடுக்கவில்லை. அது அப்படியே ஆகிவிட்டது. கொழும்புத் தமிழ் வீடுகளில் கீபோர்ட் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு விலை ஒரு காரணம், இடம் ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. மென்பொருள் பியானோவைப் பற்றி யோசிக்கும்போதும் இது என் மனதில் இருக்கும். பிள்ளை நாளைக்கு மெல்போர்னுக்கோ ஸ்கார்பரோவுக்கோ போனால், அது கூடப் போகுமா?

மென்பொருள் பியானோ என்றால் என்ன என்பதைப் பெற்றோருக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். கீபோர்ட்டையும் கொம்பியூட்டரையும் ஒரு யூஎஸ்பி வயரால் இணைக்கிறோம். கட்டையை அழுத்தும்போது கீபோர்ட் சத்தத்தை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் கீழே போனது என்ற செய்தியை மட்டும் அனுப்புகிறது. 1983இல் வந்த மிடி என்ற பொது ஒழுங்கின்படி அந்த வேகம் 1 முதல் 127 வரையான ஓர் எண். அந்த எண்ணை வாங்கிப் பியானோ ஒலியாக்குவது மென்பொருளின் வேலை.

அதை அவை இரண்டு வழியில் செய்கின்றன. ஒன்று சாம்பிள் வழி. நல்ல கிராண்ட் பியானோ ஒன்றை ஸ்டூடியோவில் வைத்து, ஒவ்வொரு கட்டையையும் மெல்லவும் பலமாகவும் பல படிகளில் அடித்துப் பதிவு செய்து, அந்தப் பதிவுகளை நம் விரலுக்கு ஏற்பத் திருப்பி ஒலிக்கவிடுவது. அடித்தளப் பதிப்புகளில் சில ஜிகாபைட் வரும். பெரிய தொகுதிகள் நூறு ஜிகாபைட்டையும் தாண்டும். மற்றது கணித வழி. இதில் பதிவு எதுவும் இல்லை. சுத்தியல், கம்பி, ஒலிப்பலகை ஆகியவை எப்படி அசையும் என்ற சமன்பாடுகளை வைத்து, அடிக்கிற அந்தக் கணத்திலேயே ஒலியைக் கணக்கிட்டு உண்டாக்குவது.

இரண்டாவது வழியில் பேர் பெற்றது பிரான்சின் துலூஸ் நகரத்து மொடார்ட் நிறுவனத்தின் பியானோடெக். முதல் பதிப்பு 2006இல் வந்தது. அதைத் தொடங்கிய பிலிப் கியோம் முன்பு பியானோ சுருதி சேர்ப்பவராகவும் பழைய பியானோக்களைத் திருத்துபவராகவும் இருந்தவர். பிறகு கணித ஆராய்ச்சிக்குப் போனவர். இதை அறிந்தபோது எனக்கு அந்த மின்குமிழ் முதியவரின் ஞாபகம் வந்தது. சுருதிச் சாவியைக் கையில் பிடித்த ஒருவர்தான் இந்தச் சமன்பாடுகளுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது, வாசித்துப் பார்த்தால் விளங்கும். முழு மென்பொருளும் சில பத்து மெகாபைட்தான். கைப்பேசியில் எடுக்கிற ஒரு சின்ன வீடியோவின் அளவு.

நான் முதலில் பாவித்தவை சாம்பிள் வகை. தனியே ஹெட்போனில் கேட்டால் அவற்றின் அழகை மறுக்கமுடியாது. ஒரு நல்ல ஸ்டெயின்வேயை, நல்ல அறையில், கைதேர்ந்த பொறியியலாளர் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒலி உண்மையானது. ஆனால் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனால் வேறு விஷயம். எங்கள் மண்டபங்களில் பெரும்பாலும் மிக்சரிலிருந்து ஒற்றை வழியாக, மோனோவாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகும். சாம்பிள் பியானோவோ இரண்டு மைக்கில் பதிவானது. இரண்டு மைக்குக்கும் ஒலி வந்துசேரும் நேரத்தில் சிறு வித்தியாசம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சில அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹெட்போனில் தேனாக இருந்த பியானோ மண்டபத்தில் தகரக் குடத்துக்குள் வாசித்தது போலக் கேட்கும். வைபவத்துக்கு வாசிக்கிறவர்கள் வாங்கமுன் இதைச் சோதிக்கவேண்டும். மோனோ அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இடது பக்கத்தை மட்டும் மிக்சருக்குக் கொடுத்து, மெலிகிறதா என்று கேளுங்கள். இதை எந்த விளம்பரமும் சொல்லித்தராது.

அடுத்தது தாமதம். கட்டையை அழுத்தியதற்கும் சத்தம் காதில் விழுவதற்கும் இடையிலான நேரம். ஒலி ஒரு வினாடியில் ஏறக்குறைய 343 மீற்றர் போகும். ஆகவே பத்து மில்லி வினாடித் தாமதம் என்றால் மூன்றரை மீற்றருக்கு அப்பால் இருக்கிற பியானோவை வாசிப்பதற்குச் சமம். அது பரவாயில்லை, கிராண்ட் பியானோவின் ஒலியும் வாசிக்கிறவர் காதுக்கு உடனடியாக வருவதில்லை. ஐம்பது, அறுபது என்று போனால் விரல் காதுக்காகக் காத்திருக்கத் தொடங்கும். பிள்ளை தன்னையறியாமல் முந்தி அடிக்கப் பழகும். பிறகு நிஜப் பியானோவில் தாளம் ஓடும். விண்டோஸ் லப்டொப்பின் சாதாரண ஒலி வழி இப்படித்தான் தாமதிக்கும். அதற்காக ஏசியோ என்ற வகை இயக்கி இருக்கிறது. ஏசியோ ஃபோர் ஆல் என்ற இலவச இயக்கியைப் போட்டு, பஃபரை 256 சாம்பிளில் வைத்தால் அந்தக் கட்டத்தில் ஆறு மில்லி வினாடிக்குக் கிட்டத்தான் வரும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சிறிய ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இன்னும் நல்லது. மென்பொருள் சரியில்லை என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் பலருடைய பிரச்சினை உண்மையில் இதுதான். ஒலி இயக்கியைச் சரிசெய்ததும் அதே மென்பொருள் வேறொன்றாகிவிடும்.

இனி, வாசித்துப் பார்க்கும் முறை. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். முடிவு இங்கேதான் ஆகிறது.

நடு சி கட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் வருமா வராதா என்கிற மென்மையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அடியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். நிஜப் பியானோவில் பலம் கூடும்போது சத்தம் மட்டும் கூடுவதில்லை. சுத்தியலின் ஃபெல்ட் நசுங்கி இறுகுவதால் ஒலியின் நிறமே மாறும். மந்தமாக இருந்தது பளிச்சென்று ஆகும். இந்த மாற்றம் படிப்படியாக வழுக்கிக்கொண்டு வரவேண்டும். மலிவான சாம்பிள்களில், இந்த இடம் வரைக்கும் ஒரு பதிவு, அதற்கு மேல் வேறு பதிவு என்று குதிக்கிறது காதுக்குத் தெரியும். அந்தக் குதி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்தப் பாட்டிலும் அது உங்களைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும்.

பிறகு ஆகக் கீழ் ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்தி விடாமல் பிடியுங்கள். கீபோர்ட்டுக்குள்ளேயே வருகிற மலிவு ஒலிகளில் சில வினாடிகளுக்குள் அது உயிரில்லாத ஒரே அலையாகிவிடும். நினைவகத்தை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். நிஜக் கம்பி அப்படி அடங்காது. நெடுநேரம் மாறிக்கொண்டே, உள்ளே ஏதோ சுழன்றுகொண்டே அடங்கும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது. வலது கையால் சி, இ, ஜி கட்டைகளைச் சத்தம் வராமல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையால் கீழே உள்ள சி ஒன்றை வெடுக்கென்று அடித்து உடனே விடுங்கள். நிஜப் பியானோவில் அடித்த கட்டை ஓய்ந்த பிறகும், அடிக்காத அந்த மூன்று கட்டைகளின் கம்பிகளும் தாமாகப் பாடும். பியானோடெக்கில் இதைச் செய்து காட்டியபோது கொட்டாஞ்சேனைச் சிறுவன் ஒருவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு லப்டொப்பின் பின்னால் எட்டிப் பார்த்தான். நல்ல சாம்பிள் மென்பொருள்கள் சிலவும் இதைச் செய்யும். ஆக மலிவானவை செய்யாது. ஒரு பியானோ ஒரே உடம்பாக ஒலிக்கிறதா, எண்பத்தெட்டுத் தனித்தனிச் சத்தங்களாக ஒலிக்கிறதா என்பதை இந்த ஒரு சோதனையே காட்டிவிடும்.

கடைசியாகப் பெடல். கீபோர்ட்டோடு சும்மா வருகிற சின்னப் பெட்டிப் பெடலில் இரண்டே நிலைதான்: அழுத்தியது, விட்டது. அரைப் பெடல் தெரிந்த மென்பொருளை வாங்கிவிட்டு அந்தப் பெட்டியை மிதித்தால் காசு வீண். நடுநிலைகளையும் அனுப்பக்கூடிய பெடல்கள் தனியாக விற்கின்றன. நீங்கள் வைத்திருக்கும் கீபோர்ட் அதை ஏற்குமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இந்தச் சோதனைகளை யாரோ வாசித்த காணொளியைக் கேட்டுச் செய்யமுடியாது. அங்கே வாசிக்கிறவர் பெரும் கலைஞர். அவருக்குக் கிடைத்திருக்கும் கட்டைகளும் வேறு. உங்கள் விரல், உங்கள் கட்டை, உங்கள் லப்டொப்பில் அது என்ன சொல்கிறது என்பதே கேள்வி. பல நிறுவனங்கள் வெள்ளோட்டப் பதிப்பைச் சும்மா தருகின்றன. பியானோடெக்கின் பதிப்பு ஒரு தடவைக்கு இருபது நிமிடம் ஓடும், சில கட்டைகள் ஊமையாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்க்க அது தாராளம். காசு கொடுக்கமுன் ஒரு மாதம் அதோடு பழகச் சொல்வேன்.

முற்றிலும் இலவசமாகவும் நல்ல பியானோ இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அலெக்சாண்டர் ஹோம் என்பவர் யமஹா சி5 கிராண்ட் ஒன்றைப் பதினாறு வேகப் படிகளில் பதிவு செய்து, சலமாண்டர் கிராண்ட் பியானோ என்ற பெயரில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். சஃபோர்சான்டோ என்ற இலவச மென்பொருளில் அது ஓடும். காசு கொடுத்து வாங்கும் ஆக மலிவான பொருள் இதைவிடத் தெளிவாக நன்றாக இல்லாவிட்டால், வாங்க என்ன காரணம்? நான் ஒவ்வொன்றையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். பியானோடெக்கின் கீழ்மட்டப் பதிப்பான ஸ்டேஜ் அந்தப் பரீட்சையில் தேறியது. மென்மையான அடிகளில்தான் வித்தியாசம் தெரிந்தது. நற்கருணை வேளையில் பாடகர் குழுவின் பின்னால், கேட்டும் கேளாமலும் வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே சாம்பிள் பியானோ ஒரு எல்லைக்குக் கீழே போனால் வெறுமனே சத்தம் குறைந்த பியானோவாகிவிடும். கணிதப் பியானோ உண்மையிலேயே மெல்ல அடிக்கப்பட்ட பியானோவாகவே இருக்கும். பலத்த அடியில், ஒலியின் செழிப்பில், நல்ல சாம்பிள்தான் இன்றும் ஒரு படி மேல் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. பதிவுக்கு நானும் சாம்பிளையே எடுப்பதுண்டு. தினப் பயிற்சிக்கு, விரல் வளர்வதற்கு, நான் கணித வகையைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊர் நிலைமையும் அதன் பக்கமே நிற்கிறது. 2020, 2021இல் இணையவழிப் படிப்புக்கென்று வாங்கிய சாதாரண லப்டொப்தான் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதில் பெரிய சாம்பிள் தொகுதியைப் போட்டால், வட்டு சுழன்று தேடுவதற்குள் சுரம் வெட்டுப்படும். நூறு ஜிகாபைட்டைத் தரவிறக்க மாத டேட்டாவே போய்விடும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, லப்டொப் பற்றரியில் எதை ஓட்டலாம் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. சின்னதாக இருப்பது இங்கே ஒரு குறை அல்ல.

விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 பங்குனித் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபா அளவில் இருந்தது. வைகாசியில் முந்நூற்றறுபதைத் தொட்டது. நூறு யூரோ சொச்சம் என்று பிள்ளை லேசாகச் சொல்வது தகப்பனுக்கு நாற்பதாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. அது பல மாத வகுப்புக் காசு. அதனால்தான் செலவின் ஒழுங்கைப் பற்றி நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலில் பாரம் உள்ள 88 கட்டை. அதற்குப் பிறகு நல்ல பெடலும் ஹெட்போனும். மென்பொருள் அதற்கும் பிறகு.

காரணம் எளிது. ஸ்பிரிங்கில் ஓடும் 61 கட்டைக் கீபோர்ட்டில் விரல் எவ்வளவு முயன்றாலும் 127 படிகளில் ஒரு சின்னத் துண்டுக்குள்தான் நிற்கும். மெல்ல அடித்தால் ஒன்றும் வராது, கொஞ்சம் கூட்டினால் ஒரேயடியாகக் கத்தும். உலகத்தின் அருமையான பியானோவை அதன் பின்னால் வைத்தாலும், அதில் இரண்டு மூன்று நிறங்களைத்தான் பிள்ளை கேட்கும். பரீட்சைப் பார்வையிலும் இதுவே முக்கியம். நாங்கள் றோயல் ஸ்கூல்ஸ் என்று சொல்லும் லண்டன் வாரியம் 2020இல் வீடியோவில் பதிந்து அனுப்பும் தேர்வுகளைத் தொடங்கியது. அதில் டிஜிட்டல் பியானோ ஏற்கப்படும். ஆனால் முழு அளவுப் பாரமான கட்டைகளும், தொடுகைக்கு ஏற்ப மாறும் ஒலியும், பெடலும் இருக்கவேண்டும். அவர்கள் கேட்பது கட்டையைப் பற்றித்தான்.

கட்டை நல்லதாக இருந்தாலும் அதையும் மென்பொருளையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தவேண்டும். ஒரே அடிக்கு ஒரு கீபோர்ட் 60 அனுப்பும், இன்னொன்று 85 அனுப்பும். மென்பொருளில் வெலோசிட்டி வளைவு என்று ஒரு கோடு இருக்கும். அதை வளைத்து, உங்கள் மென்மையான அடி மென்மையாகவும் பலமான அடி பலமாகவும் வரும்படி வைக்கவேண்டும். இதற்கு அரை மணித்தியாலம் செலவழிக்காமல் "சத்தம் சரியில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். என் மாணவர் யார் வாங்கினாலும் முதல் வகுப்பு இந்தக் கோட்டோடுதான் கழியும்.

கர்நாடக சங்கீதக்காரரும் கேட்கிறார்கள். அரங்கேற்றத்துக்குப் பின்னணி பதிகிறபோது பாடகி ஐந்தரைக் கட்டை என்பார், அடுத்தவர் ஒன்றரை என்பார். மென்பொருளில் சுருதியை மாற்றுவது ஒரு சொடுக்கு. அந்த வகையில் பெரிய உதவி. கமகம் மட்டும் வராது. பியானோவின் சுத்தியல் அடித்துவிட்டுப் போய்விடும். சுரத்தை அசைக்க அதற்கு வழி இல்லை, அதைப் போலச் செய்யும் மென்பொருளுக்கும் இல்லை. சென்னையில் அனில் ஸ்ரீநிவாசன் சிக்கில் குருசரணோடு வாசிப்பதைக் கேட்டால், கமகத்தைப் பாடகருக்கு விட்டுவிட்டு அதைச் சுற்றி இடம் விடுவதே பியானோவின் வேலை என்று புரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பூட்டுடைத்த பிரதிகள் இங்கே எப்போதும் கிடைத்தே வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் வட்டில் வந்தன, இப்போது இணைப்பாக வருகின்றன. என் மாணவரிடம் அதை வேண்டாம் என்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பொப் பாடகர்களின் கசற்றுகளைப் பிரதி எடுத்து விற்றதால் அந்தக் கலைஞர் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். பியானோவின் உள்ளம் அறிந்த ஒருவர் பல வருடம் உழைத்துச் செய்ததை எடுத்துக்கொண்டு, அதே கையால் இசை பயில்வது எனக்கு ஒவ்வாது. காசு இல்லாவிட்டால் சலமாண்டர் இருக்கிறது. அது கொடையாகவே வந்தது.

சமீபத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் கொட்டாஞ்சேனைப் பையன், லப்டொப்பின் பின்னால் எட்டிப் பார்த்தவன். கனடாவிலிருந்து பெரியப்பா காசு அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். வீட்டில் இருப்பது 61 கட்டைக் கீபோர்ட். அவனுக்கு இப்போது வேண்டாம் என்று சொன்னேன். சலமாண்டரைப் போட்டுக் கொடுத்து, ஏசியோ இயக்கியையும் சரிசெய்துவிட்டு, பெரியப்பாவின் காசைப் பாரக் கட்டைக்கான உண்டியலில் போடச் சொன்னேன். முகம் வாடினான். தாய்தான், "மாஸ்டர் சொல்றது சரிதான் தம்பி, முதல்ல கை பழகட்டும்" என்று சமாதானப்படுத்தினார்.

மற்றவர் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் இளம் பெண். பகலில் வங்கி வேலை, ஞாயிறுகளில் பாடகர் குழுவுக்கு வாசிப்பு. வீட்டில் யமஹா பி-45 இருக்கிறது; 88 பாரக் கட்டை. இரவு பத்துக்குப் பிறகுதான் பயிற்சி செய்ய நேரம், அதுவும் ஹெட்போனில். அவரை வெள்ளோட்டப் பதிப்போடு ஒரு மாதம் பழகவிட்டேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது நின்றுவிடுவது அவருக்கு எரிச்சலாகவில்லை; அதையே பயிற்சிக்கு இடைவேளையாக்கிக்கொண்டார். வெலோசிட்டி வளைவை இரண்டு பேருமாக உட்கார்ந்து சரிசெய்தோம். பிறகு ஸ்டேஜ் பதிப்பை வாங்கச் சொன்னேன். அவர் வாங்கிய காலத்தில் அதோடு இரண்டு வாத்தியத் தொகுதிகளை நாமே தெரிவு செய்யலாம். பின்னால் தேவைப்பட்டால் வித்தியாசக் காசை மட்டும் கட்டி மேல் பதிப்புக்குப் போகவும் வழி உண்டு.

முதலாவதாக ஸ்டெயின்வே டியை எடுத்தார். அதில் விவாதம் இல்லை. இரண்டாவதாக நிமிர்ந்த வகைப் பியானோ ஒன்றை எடுக்கும்படி நான் சொன்னேன். பயிற்சிக்கு அந்த நெருக்கமான ஒலி நல்லது என்பது என் எண்ணம். அவர் மின்பியானோத் தொகுதியை எடுத்தார். கல்யாண வைபவங்களுக்கு ரோட்ஸ் ஒலி கேட்கிறார்களாம்.

"அப்ரைட்தான் கோயிலிலேயே இருக்கே சேர்," என்றார். "அதுக்குள்ள பல்ப் எரியுதோ எண்டு கிழமைக்கு ஒருக்கா நான்தான் பாக்கிறன்."